கல்லூரி வாயிலோர் கடமை

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எம்மைப் பேசுமாறு பணித்த பொருள், கல்லூரி முகப்பில் அமர்ந்து பணிபுரிவோர் ஒழுகவேண்டிய முறை என்பது. இதனைக் கேட்டவுடன், "இஃதென்ன சிறு பொருள்! கல்வியின் மேன்மையைப் பற்றியோ குலத்தின் முன்னேற்றத்தைப் பற்றியோ பேசலாகாதோ?" என்று சிலர் எண்ணக்கூடும். சற்றே ஆராயுமிடத்து இது சிறு பொருள் அன்று என்பது விளங்கும். நம் குடும்பங்களில் பட்டம் பெற்ற ஆண்மக்களும் பெண்மக்களும் பலர், இன்று கலைக் கல்லூரிகளிலும் பொறியியற் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் வரவேற்பாளராகவும் அலுவலக உதவியாளராகவும் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் எதிரே, கையில் ஒரு பையும் அப்பைக்குள் ஒரு சான்றிதழ்க் கட்டுமாக வந்து நிற்போருள்ளும் நம்மவர் பலர். மேசைக்கு இப்புறமும் நாம், அப்புறமும் நாம். இருபுறத்தாரும் ஒருங்கே கூடியிருக்கும் இச்சங்கமே இதனைப் பேசுதற்குத் தக்க இடம் என்று கருதுகின்றோம்.

வாயிலோன் என்னும் பெயர்

இப்பணியாளரை ரிசப்ஷனிஸ்டு என்றும், அவர் இருக்குமிடத்தைப் பிரண்ட் ஆபீஸ் என்றும் இக்காலத்தார் வழங்குகின்றனர். நம் முன்னோர் இதற்கு நல்லதொரு பெயர் வைத்திருந்தனர். அது 'வாயிலோன்' என்பது. அரசன் கோயில் வாயிலில் நின்று, வந்தவர் இன்னார், வந்த காரியம் இன்னது என்று உள்ளே சென்று உரைப்பவன் அவன். அதியமானிடம் பரிசில் பெறுதற்குக் காலம் நீட்டித்தபோது, ஔவையார் தம் மனக்குறையைப் பாடியது அரசனை விளித்தன்று. வாயிலோனை விளித்தே பாடினார். அப்பாட்டு புறநானூற்றில் உள்ளது. அரசனோடு ஒருங்கிருந்து அளவளாவத்தக்க அம்மூதாட்டியாரும் வாயிலோன் முன்னர் நின்றே தம் குறையைச் சொல்ல வேண்டியிருந்ததெனின், அப்பதவியின் ஆற்றல் எத்தகையது என்பதை நாம் அறியலாம்.

சிலப்பதிகாரத்தில் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவன், தான் செய்த களவின் பழியைப் பிறன் தலையில் ஏற்றக் கருதிப் பாண்டியனைக் கண்டு பொய் உரைத்தான். அச்சொல்லை மன்னன் ஆராயாது கொண்டமையால் கோவலன் உயிர் நீங்கிற்று. பின்னர், கண்ணகி விரித்த கூந்தலும் கையிற் சிலம்புமாக அரண்மனை வாயிலில் வந்து நின்றாள். அவள் தோற்றத்தைக் கண்டு வாயிலோன் அஞ்சினான். அஞ்சினும் அவளைத் துரத்தினான் இல்லை. அரசர்க்கு நேரமில்லை என்றும் நாளை வருக என்றும் கூறினான் இல்லை. உடனே உள்ளே சென்று, வந்தவள் கணவனை இழந்தவள் என்பதையும், அவள் கையில் ஒரு சிலம்பு உண்டு என்பதையும், அவள் சினமுற்று நிற்பதையும் கண்டது கண்டவாறே உரைத்தான். மன்னன் அவளை வரவிடப் பணித்தான், வழக்கு உரைக்கப்பட்டது, உண்மை வெளிப்பட்டது. முன்னவனுடைய பொய்ச்சொல் ஓர் உயிரைக் கொன்றது. வாயிலோனுடைய மெய்ச்சொல், ஆதரவற்ற ஒருத்திக்கு அரசன் முன்னிலையில் வழக்குரைக்க இடம் தந்தது. அக்காப்பியத்தைப் பயிலுவோர் பலர் இவ்வாயிலோனை நின்று நோக்காது கடந்துவிடுகின்றனர். அவன் பெயரும் நமக்குத் தெரியாது. எனினும் தன் கடமையைச் செய்த பணியாளன் எவ்வாறிருப்பான் என்பதற்கு அவனினும் சிறந்த எடுத்துக்காட்டு எமக்குக் கிடைத்திலது.

வாயிலில் வந்து நிற்போர்

இனி, கல்லூரி வாயிலில் வந்து நிற்போர் யாவர் என்பதை நோக்குவோம். அரசின் நிதியுதவி பெறும் கல்விச்சாலையில் சமயம், இனம், சாதி, மொழி என்பவற்றுள் ஒன்றை மட்டுமே காரணமாகக் காட்டி எவருக்கும் இடம் மறுக்கலாகாது என்று இந்திய அரசியலமைப்பின் 29-ஆம் உறுப்பு இரண்டாம் உட்பிரிவிற் கூறுகின்றது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருவோர், கலந்தாய்வின் வழியே தொழிற்படிப்பிற் சேருங்கால் அவர்க்குக் கல்விக்கட்டணச் சலுகை அளிக்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2010-ஆம் ஆண்டு வந்தது. அரசுப் பள்ளியிற் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-ஆம் ஆண்டிலும், ஆண் மாணாக்கர்க்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-ஆம் ஆண்டிலும் தொடங்கின. இவற்றால் எல்லாம், முன்பு கல்லூரி மதிலைப் பேருந்தின் சாளரத்தினின்று மட்டுமே கண்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கல்லூரிக்குள் வருகின்றனர்.

ஆயினும் அன்பர்களே, சட்டமும் திட்டமும் ஒரு பிள்ளையைக் கல்லூரியின் வாயில்வரையிலேயே கொண்டுவந்து விடும். அதற்குமேல் அப்பிள்ளை உள்ளே செல்லுவதும், அங்கிருந்தே திரும்பிப் போவதும், பல வேளைகளில் முகப்பிலிருப்பவருடைய ஒரு சொல்லைப் பொறுத்ததாய் இருக்கின்றது. யாம் இருபது ஆண்டுக்கு மேலாகப் பள்ளியில் தமிழ் கற்பித்து வருகின்றோம். ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்ற மாணாக்கர் எம்மிடம் வந்து தம் கல்லூரிச் செலவுகளையும் அலைச்சலையும் கூறுவர். அவருள் ஒரு மாணவனின் தந்தையார் கட்டட வேலைக்குச் செல்லுபவர். அவர் மகனை அழைத்துக்கொண்டு ஒரு கல்லூரிக்கு முதல்நாட் சென்றார். மாற்றுச் சான்றிதழின் நகல் இல்லை என்று அனுப்பிவிட்டனர். மறுநாள் அதனைக் கொண்டு சென்றார். வருமானச் சான்று வேண்டும் என்றனர். அதனைப் பெற்று வர ஒரு வாரம் ஆயிற்று. மூன்றாம் முறை சென்றபோது, புகைப்படம் வேறு அளவில் இருத்தல் வேண்டும் என்றனர். நான்காம் முறை சென்றபோது இடங்கள் நிரம்பிவிட்டன. வேண்டுவன இவை என்று முதல்நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருப்பின், நான்கு நாட் கூலியும் அம்மாணவனுடைய ஓராண்டும் வீணாகியிரா. மேசையில் இருந்தவர் கொடியவர் அல்லர். கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொன்னார். கேட்கத் தெரியாதவர்க்குத் தாமே எடுத்துச் சொல்லவேண்டும் என்பதை எண்ணிலர். இப்பொருளைப் பற்றிப் பேச யாம் இசைந்ததற்கு இத்தகைய நிகழ்ச்சிகளே காரணம்.

வாயிலோர் ஒழுக்கம்

முகப்பில் அமர்வோர் கைக்கொள்ள வேண்டியவற்றை ஆறாக வகுத்துக் கூறுவாம்.

முதலாவது, காலந்தவறாமை. அலுவலகம் காலை பத்து மணிக்குத் திறக்கப்படும் என்று பலகையில் எழுதியிருப்பின், பத்து மணிக்கு மேசையில் ஆள் இருத்தல் வேண்டும். வெளியூரிலிருந்து முதற்பேருந்தில் வந்தவர் பத்து மணிக்கு முன்னரே காத்து நிற்பார். உடை தூயதாக இருப்பதும், மேசையில் வேண்டாத தாள்கள் குவியாதிருப்பதும், உண்ணும் பொருள் பரப்பி வைக்கப்படாதிருப்பதும் இதனுள் அடங்கும். உணவுக்கோ பிற காரியத்துக்கோ எழுந்து செல்ல நேரின், இன்ன மணிக்குத் திரும்புவேன் என்று எழுதி வைத்தலும், வேறொருவரை அமர்த்திச் செல்லுதலும் நலம். வந்தவர் நிற்கக் கைப்பேசியை நோக்கியிருத்தல், பேசாமலே அவரைத் துரத்துதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, சொல். திருவள்ளுவர் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாகவும், இனியவை கூறலை அதற்கடுத்த பத்தாம் அதிகாரமாகவும் வைத்தார். வந்தவரை ஏற்றலும் அவரோடு இனிது பேசுதலும் அடுத்தடுத்து நிற்கும் அறங்கள் என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். மடிப்புக் குலையாத சட்டையோடு வருபவரைச் 'சார், வாருங்கள்' என்பதும், அழுக்கேறிய வேட்டியோடு வருபவரை 'என்ன வேண்டும், சொல்' என்பதும் நாம் கண்கூடாகக் காணும் வழக்கங்கள். அவ்விரண்டாமவர் மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கின்றான். தன் தந்தை ஒருமையில் அழைக்கப்பட்டதை அவன் நெடுநாள் மறவான். ஆதலின், வருபவர் எவராயினும் 'ஐயா' என்றும் 'அம்மா' என்றும் விளித்து, இருக்கை காட்டி, அவர் சொல்லி முடிக்கும்வரை இடைமறியாது கேட்டல் வேண்டும். தமிழில் வினவியவர்க்குத் தமிழிலேயே விடை கூறல் வேண்டும். ஆங்கிலச் சொற்கள் சிலவற்றை அடுக்கி ஒரு கிழவியாரை மருளச் செய்வது புலமை ஆகாது. தமிழ் அறியாத வடநாட்டு மாணவர் வந்தால் அவர்க்கு விளங்கும் மொழியில் உதவுவதும் அதே மரபின்பாற் பட்டது.

மூன்றாவது, அறிவு. இனிய முகம் மட்டும் போதாது; முகப்பிலிருப்பவர் தம் கல்லூரியைப் பற்றிய செய்திகளைத் தெளிவாகத் தெரிந்திருத்தல் வேண்டும். எந்தப் படிப்பு, எவ்வளவு கட்டணம், எந்நாள் இறுதி நாள், எந்தச் சான்று எவரிடம் பெறவேண்டும் என்பவை நாவின் நுனியில் இருத்தல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். தமிழ்நாட்டில் பட்டியற் சாதியினர்க்குரிய சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் வழங்குகின்றார். பழங்குடியினர்க்கு வருவாய்க் கோட்டாட்சியர் வழங்குகின்றார். இவ்வேறுபாட்டை அறியாத ஒருவர், மலையூரிலிருந்து வந்த பழங்குடி மாணவனைத் தாலுகா அலுவலகத்துக்குச் செல்க என்று கூறின், அவனுடைய ஒருநாள் அங்கேயே கழியும். தெரியாத ஒன்றை வினவினால், ஊகித்துச் சொல்லுதலும் பிழை. 'எனக்குத் தெரியாது' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளுதலும் பிழை. 'விசாரித்துச் சொல்லுகின்றேன், சற்று அமருங்கள்' என்பதே அவர் வாயில் வரத்தக்க விடை.

தகவல் கூறுதல் நம் தயவினாற் செய்யும் காரியம் என்று எவரும் எண்ணற்க. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, அரசு சார்ந்த அலுவலகங்களில் பொதுத் தகவல் அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும். கேட்ட தகவலைப் பொதுவாக 30 நாட்களுக்குள் அளித்தல் வேண்டும். எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்பின், அதனை எழுத்தில் அமைத்துக்கொள்ள அவ்வலுவலர் உதவ வேண்டும் என்றும், என்ன காரணத்துக்காகக் கேட்கின்றீர் என்று வினவலாகாது என்றும் அச்சட்டமே விதிக்கின்றது. அரசுக் கல்லூரியின் முகப்பிலிருப்பவர் இதனை அறிந்து, அத்தகைய விண்ணப்பத்தோடு வருபவரைப் பகைவர்போற் பாராது, உரிய அலுவலரிடம் அனுப்புதல் முறை.

நான்காவது, பொருளிலும் தாளிலும் தூய்மை. பணம் எதுவாயினும் ரசீது இன்றிக் கையில் வாங்கலாகாது. சேர்க்கைக்கு வந்த மாணாக்கரின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரியார் சரிபார்த்து உடனே திருப்பித் தரவேண்டும், தம்மிடம் வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டில் அறிவித்தது. இதனை மேசையிலிருப்பவரும் அறிதல் வேண்டும். பெற்றோரும் அறிதல் வேண்டும். வாங்கிய தாள் ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை எழுதிக் கொடுத்தல் பெருந்துணையாகும். இனி, 'தேநீர்ச் செலவு' என்றும் 'தீபாவளி இனாம்' என்றும் நீட்டப்படும் சிறு தொகைகள் உள. சிறிது என்பதனால் அது தூய்மையாகிவிடாது. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்துக்கு 2018-ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட திருத்தத்தால், பொது ஊழியர்க்குக் கையூட்டு அளிப்பவரும் தண்டனைக்கு உரியவர் ஆவர். கட்டாயத்தாற் கொடுக்க நேர்ந்தவர் ஏழு நாட்களுக்குள் உரிய அதிகாரியிடம் தெரிவிப்பின் விலக்குப் பெறுவர். ஆகவே நீட்டுபவர் கையையும் வாங்குபவர் கையையும் ஒருங்கே காப்பது, 'வேண்டாம் ஐயா' என்னும் ஒரு சொல்லேயாம்.

ஐந்தாவது, மறை காத்தல். கல்லூரி மேசைக்கு வரும் செய்திகளுள் பிறர்க்குச் சொல்லத்தக்கவை சில, சொல்லத்தகாதவை பல. தொலைபேசியில் ஒருவர், "யான் இன்ன மாணவியின் மாமன், அவள் வகுப்பு எந்நேரம் முடியும்? விடுதி எங்கே? கைப்பேசி எண் யாது?" என்று கேட்பார். மாமன் என்பதற்குச் சான்று அவர் குரல் மட்டுமே. இதற்கு விடை கூறுதல் அப்பெண்ணை ஆபத்தில் தள்ளுவதாக முடியக்கூடும். "உங்கள் பெயரையும் எண்ணையும் கூறுங்கள், மாணவியிடம் தெரிவிக்கின்றோம்" என்று பணிவாகச் சொல்லி, அதனைக் குறிப்பேட்டில் எழுதி, அம்மாணவியிடம் சேர்ப்பிப்பதே நெறி. மதிப்பெண், கட்டண நிலுவை, நோய், குடும்ப வழக்கு ஆகியவையும் அவ்வாறே காக்கத்தக்கவை. தனியாரைப் பற்றிய எண்முறைத் தரவுகளைக் காத்தற்கென்று 2023-ஆம் ஆண்டில் மத்திய அரசு தனிச் சட்டமே இயற்றியுள்ளது. உதவித்தொகைக்கு உரியோர் பெயரைக் கூடத்தில் உரக்கப் படிக்குங்கால் சாதியையும் சேர்த்துப் படிப்பதும், கட்டணம் செலுத்தாதவரைப் பலர் முன்னிலையிற் பெயர் சொல்லி அழைப்பதும் மிகவும் இழிந்த செயல்கள். மனத்தில் படும் அத்தகைய புண்ணுக்கு எந்த உதவித்தொகையும் மருந்தாகாது.

ஆறாவது, சினத்திலும் இடரிலும் நிலைதளராமை. வெயிலில் வந்து, வரிசையில் நின்று, பசியோடிருப்பவர் சில வேளை உரக்கப் பேசுவர். அவர் சினம் நம்மீது எழுந்ததன்று. தம் இயலாமைமீது எழுந்தது என்று உணர்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசின் அவர் குரலும் தாழும். நடக்க இயலாத ஒருவர் உருளை நாற்காலியில் வரின், மேசைக்குப் பின்னிருந்தே கூவாது எழுந்து அவரருகே செல்லுதல் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஆம் ஆண்டில் நிறைவேறியது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் குறிப்பிட்ட அளவு குறைபாடுடையோர்க்கு நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாத இடங்களை அது ஒதுக்குகின்றது. அவர்கள் உரிமையோடு வருகின்றனர், இரந்து வருகின்றாரல்லர். முதலாண்டு மாணவன் ஒருவன் கண்கலங்கி வந்து, மூத்த மாணவர் தன்னைத் துன்புறுத்தினர் என்று கூறின், "இதெல்லாம் கல்லூரியில் வழக்கந்தான், தம்பி" என்று சிரித்து அனுப்பலாகாது. ராகிங்கைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது; மானியக் குழுவின் விதிகள் 2009-ஆம் ஆண்டில் வந்தன. அவனை அமர்த்தி, தண்ணீர் கொடுத்து, அக்கணமே முதல்வரிடமோ அதற்குரிய குழுவினிடமோ அழைத்துச் செல்லுதல் வேண்டும். கண்ணகி வந்ததைக் காலந்தாழ்த்தாது உரைத்த வாயிலோனை இங்கே நினைவிற் கொள்க. மயங்கி விழுந்தார்க்கு 108 என்னும் எண்ணை அழைக்கவும், தீ எனின் எவ்வழி வெளியேற்றுவது என்று கூறவும் அவர் முன்கூட்டியே பழகியிருத்தல் வேண்டும்.

நடுவு நிலை

இவ்வாறும் எல்லாக் கல்லூரிகளிலும் எல்லாரும் ஏற்றுக்கொள்ளக் கூடியனவே. இனி, இச்சங்கத்தில் சொல்லத்தக்கதும், சொல்லுதற்குச் சற்று அரியதுமான ஒன்றைக் கூற விரும்புகின்றோம். பெரியோர் பொறுத்தருள்க.

நம் பிள்ளை ஒருவன் ஒரு கல்லூரி அலுவலகத்தில் அமர்ந்தான் என்று கேள்வியுற்றவுடன் நாம் மகிழ்கின்றோம். மகிழ்தல் இயல்பே. ஆனால் மறுவாரமே அவனுக்குத் தொலைபேசி செல்லுகின்றது. "தம்பி, நம் பையன் ஒருவன் வருகின்றான், வரிசையில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்" என்கின்றோம். "காலியிடம் ஏதேனும் இருப்பின் பிறர்க்குச் சொல்லுமுன் நமக்குச் சொல்" என்கின்றோம். அவனும் பெரியவர் சொல்லைத் தட்டமாட்டாது, மேசைக்கு வருபவரைப் பார்த்து, "எந்த ஊர்? எந்தத் தெரு? யார் வீட்டுப் பிள்ளை?" என்று வினவத் தொடங்குகின்றான். அவ்வினாக்கள் ஊரை அறிதற்கு எழுந்தவை அல்ல. சாதியை அறிதற்கு எழுந்தவை என்பதை வினவுபவனும் அறிவான். விடை சொல்லுபவனும் அறிவான். விடை சொல்லுபவன் ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்தவனாயின், அவ்வினாவைக் கேட்ட அளவிலேயே அவன் உடல் குன்றிவிடும்.

இது தகாது என்பதற்கு மூன்று காரணங்கள் கூறுவோம்.

ஒருவரை வரிசையின் முன்னே நிறுத்தினால், அவருக்குப் பின் நின்றோர் அனைவரும் ஓரடி பின்தள்ளப்படுகின்றனர். அங்ஙனம் தள்ளப்பட்டோருள் கைம்பெண்ணின் மகள் இருக்கலாம். அன்றைய கூலியை இழந்து வந்தவர் இருக்கலாம். அவர்கள் நமக்கு யாதொரு தீங்கும் செய்திலர். இது முதற் காரணம்.

நம் பிள்ளை அமர்ந்திருப்பது ஒரு மேசையில். நம் பிள்ளைகள் போய் நிற்பதோ நூறு மேசைகளின் முன். அந்நூறிலும் பிறர் வீட்டுப் பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். அவர்களும் தத்தம் சாதியாரையே முன்னிறுத்துவராயின், நம்மவர்க்கு ஓரிடத்தில் கிடைத்த ஊதியம் தொண்ணூற்றொன்பது இடத்தில் நட்டமாகப் போகும். இது கணக்கறிந்தார் எவர்க்கும் விளங்கும். இஃது இரண்டாவது.

மூன்றாவது காரணம் நம் பழைய நிலையினின்று எழுவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிற் பல சமூகத்தார் சங்கங்கள் கண்டு, மாணவர் விடுதிகளும் பள்ளிகளும் நிறுவினர். வெளியூரிற் சென்று படிக்கத் தங்குமிடமின்றியும், சில வாயில்களில் ஏற்பாரின்றியும் தம் பிள்ளைகள் தவித்ததே அம்முயற்சிகளுக்கு ஒரு காரணமாயிற்று. வாயில் அடைபட்டிருக்கும் துன்பத்தை அறிந்த மரபினர், தம் கைக்கு ஒரு வாயில் வந்தவுடன் பிறரை வெளியே நிறுத்துவராயின், அறிந்த துன்பத்தினின்று அவர் யாதும் கற்றிலர் என்றே உலகம் கூறும். திருவள்ளுவர் நடுவு நிலைமை என்றோர் அதிகாரத்தை இல்லறவியலிலேயே வைத்தனர். நீதிபதிக்கும் அரசனுக்கும் மட்டும் உரியதாக அவர் அதனைக் கருதவில்லை. மனையில் வாழும் நமக்கும் உரியதாகவே வைத்தனர்.

"அங்ஙனமாயின் நம்மவர்க்கு உதவுதலே கூடாதோ?" என்று வினவுவீராயின், கூடும் என்போம். உதவி வேறு, சலுகை வேறு. அப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, என்னென்ன சான்றுகள் வேண்டும், எந்நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று உறவினர்க்கும் அயலார்க்கும் எடுத்துக் கூறலாம். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பிக் கொடுக்கலாம். அஃது உதவி. எவருடைய இடத்தையும் அது பறிப்பதில்லை. திங்கட்கிழமை கல்லூரி மேசையில் அமர்ந்தபின், தன் உடன்பிறந்தான் வரினும் வரிசையில் அவன் முறை வரும்வரை நிற்க வைத்தல் வேண்டும். அவ்வாறு செய்யும் இளைஞனைக் கண்டு நாம் சினவாது, "இவன் நம் குலத்துக்கு நற்பெயர் தேடினான்" என்று மகிழ்தல் வேண்டும். அவன் வேலையைக் காப்பதும், அவன்மீது புகார் எழாதிருக்கச் செய்வதும் அதுவே.

நிர்வாகத்தார் கடமையும் பொதுமக்கள் கடமையும்

பணியாளர்க்கே எல்லாப் பாரத்தையும் ஏற்றுதல் நீதியன்று. நிர்வாகத்தார் செய்யவேண்டியனவும் உள. சேர்க்கைக் காலமாகிய மே, ஜூன் திங்களில் நூற்றுக்கணக்கானோர் வருமிடத்து ஒரே பெண்ணை அமர்த்திவிட்டு, இனிய முகத்தோடு இரு என்று அவளுக்குக் கட்டளையிடுதல் கொடுமை. ஆள் கூட்டி, முறை எண் டோக்கன் வழங்கி, முதியோர்க்கு இருக்கையும், யாவர்க்கும் குடிநீரும் கழிப்பிடமும் அமைத்தல் வேண்டும். கட்டண விவரத்தையும் வேண்டிய சான்றுகளின் பட்டியலையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வாயிலிலேயே மாட்டுதல் வேண்டும். அவ்வொரு பலகை, முன்னர்க் கூறிய தந்தையார் போன்றோர் பலருடைய கூலியைக் காக்கும். பணியிடத்தில் பெண்கள்மீது நிகழும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-ஆம் ஆண்டு வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களில் உள்ளகக் குழு ஒன்று அமைத்தல் அச்சட்டத்தின் விதி. முகப்பில் அமரும் பெண், வருவோர் போவோர் அனைவர் கண்ணிலும் படுபவள். அவளுக்கு அக்குழுவைப் பற்றிக் கூறி, பாதுகாப்பளித்தல் நிர்வாகத்தின் கடன். மேலதிகாரியின் தவற்றுக்கு மேசையிலிருப்பவரைப் பலியிடலும் ஆகாது.

பொதுமக்களாகிய நமக்கும் கடமை உண்டு. பலகையைப் படியாது வினவுதல், நகல் எடுக்காது செல்லுதல், வரிசையை மீறுதல், சம்பளம் குறைந்த ஓர் இளம்பெண்ணைப் பார்த்து, "உன் முதல்வரை எனக்குத் தெரியும்" என்று அச்சுறுத்துதல் ஆகியவற்றை நாம் விட்டொழித்தல் வேண்டும். பணிவை எதிர்பார்ப்பவர் பணிவோடு பேசுதல் வேண்டும். காரியம் முடிந்து திரும்புகையில் 'நன்றி அம்மா' என்று ஒரு சொல் கூறின், அன்று மாலை வரையில் அம்மேசைக்கு வருவோர் அனைவர்க்கும் அது பயன்படும்.

முடிவுரை

அன்பர்களே, நெடுநேரம் பேசிவிட்டோம். இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைத்து அமைகின்றோம். ஒன்று, கல்லூரிகளிற் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்குச் சங்கத்தின் பெயரால் பரிந்துரைக் கடிதமோ தொலைபேசியோ அனுப்புவதில்லை என்று நிர்வாகக் குழுவினர் தீர்மானிக்க வேண்டும். இரண்டு, ஆண்டுதோறும் சேர்க்கைக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் இம்மண்டபத்தைத் திறந்து வைத்து, இணைய விண்ணப்பம் நிரப்புதற்கும் சான்றுகளைச் சரிபார்த்தற்கும் உதவ வேண்டும். அவ்வுதவி எச்சாதியார்க்கும், இத்தெருவில் நடந்து செல்லும் எவர்க்கும் கிடைத்தல் வேண்டும். கல்லூரி அலுவலகங்களில் பயிற்சி பெற்ற நம் பிள்ளைகளே அதற்குத் தொண்டராகலாம். மூன்று, ஏற்பாடு செய்யும் அன்பர்கள், வேண்டிய சான்றுகளின் பட்டியலைத் தமிழில் ஒரு தாளாக அச்சிட்டு, நம் ஊர்ப் பள்ளிகள் யாவற்றுக்கும் வழங்க வேண்டும். அதனை எழுதித் தரும் பணியை யாம் ஏற்றுக்கொள்ளுகின்றோம்.

இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு சொல். நாளை நீங்கள் ஒரு கல்லூரியின் மேசையில் அமர்வீர்கள். அவ்வேளை, தன் வாழ்நாளிலேயே முதன்முறையாக ஒரு கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்த ஒருவர் உங்கள் எதிரே வந்து, என்ன கேட்பது என்றும் அறியாது நிற்பார். அவர் யார், எவ்வூரார், எக்குலத்தார் என்று நோக்காதீர்கள். எழுந்து, "வாருங்கள் ஐயா, அமருங்கள், என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். அவர் பிள்ளைக்கு அக்கல்லூரி கற்பிக்கும் முதற்பாடம் அதுவாகவே இருக்கும்.